வயதுத் தடை கணக்குக்கு, அரட்டை நடப்பது வேறு அறையில்

ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து நம் பக்கத்துப் பெற்றோர் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சு: "நம்ம ஊர்லயும் இதைக் கொண்டுவந்துட்டா நல்லாருக்கும்ல?" ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போனுக்காக நடக்கிற மல்லுக்கட்டை அரசாங்கமே முடித்துவைத்துவிடும் என்ற ஆசைதான் அது.

அந்தச் சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தொடாமல் விட்டிருக்கிறது என்று பார்த்தால் இந்த ஆசை ஆட்டம் காணும். நம் பிள்ளைகள் எங்கே கூடிப் பேசுகிறார்கள் என்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் ஆட்டம் காணும்.

## சட்டம் எதைத் தடுக்கிறது

2024 நவம்பர் கடைசியில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் இதை நிறைவேற்றியது. பொறுப்பு முழுவதும் நிறுவனங்களின் தலையில். 16 வயதுக்குக் குறைந்தவர் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க நியாயமான முயற்சி எடுக்காத நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் விதிக்கலாம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது.

தொடக்கத்தில் பட்டியலில் இருந்தவை பத்து: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், கிக், ட்விட்ச். வாட்ஸ்அப், டிஸ்கார்ட், ரோப்ளாக்ஸ் ஆகியவை அதில் இல்லை. முக்கியமாகச் செய்தி அனுப்பவோ விளையாடவோ பயன்படும் செயலிகளுக்கு விலக்கு உண்டு. இன்னொன்று, தடை கணக்கு வைத்திருப்பதற்குத்தான். கணக்கில் நுழையாமலே யூடியூப் பார்ப்பதை அது தடுக்கவில்லை.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. சமூக ஊடகம் என்பது கடைத்தெரு மாதிரி. யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம், அடுத்து எது கண்ணில் பட வேண்டும் என்பதைக் கடைக்காரரின் கணக்குமுறை (அல்காரிதம்) முடிவு செய்யும். செய்திச் செயலி என்பது திண்ணை. தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், வழிப்போக்கருக்குக் காதில் விழாது. சட்டம் கடைத்தெருவின் வாசலில் காவல் வைக்கிறது. திண்ணை அப்படியே இருக்கிறது.

தடை போட்டால் கூட்டம் என்னவாகும் என்பதை இந்தியா ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே இறக்கியது. 2020 செப்டம்பரில் பப்ஜி போனது, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனது, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்து கிடைத்தது. அந்தத் தடைகளுக்குக் காரணம் தேசப் பாதுகாப்பு, பிள்ளைகளின் நலன் அல்ல. ஆனால் பிள்ளைகள் செய்தது ஒன்றுதான். கும்பலாக எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

## போன் கைக்கு வந்த வழி

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. அப்போதும் பெரும்பாலான வீடுகளில் போன் அப்பாவுடையது. பிள்ளையின் கைக்கு அது முறைப்படி வந்தது 2020 மார்ச்சில், பள்ளிகள் மூடிய பிறகு. தமிழ்நாட்டில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வழக்கமான வகுப்புகள் 2021 செப்டம்பரிலும், கீழ் வகுப்புகள் அந்த நவம்பரிலும் தொடங்கின. அதற்குள் வகுப்பறையே வாட்ஸ்அப் குழுவாகியிருந்தது. பள்ளி திறந்தபோது குழு கலையவில்லை.

கிராமப்புற இந்தியாவில் எடுக்கப்படும் ஏசர் கல்வி ஆய்வின் 2024 அறிக்கையில், 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் 82.2 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. முந்தைய ஒரு வாரத்தில் கல்விக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காக 76 சதவீதம். பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தப் போன் வைத்திருந்த பையன்கள் 36.2 சதவீதம், பெண்பிள்ளைகள் 26.9 சதவீதம்.

கடைசி இரண்டு எண்களுக்குள் ஒரு வீட்டுக் காட்சி இருக்கிறது. பையனுக்குத் தனிப் போன். பெண்ணுக்கு அம்மாவின் போன், அதுவும் "படிக்கணும்மா" என்று கேட்டால். அம்மாவின் எண்ணில்தான் வகுப்புக் குழு ஓடும், டிபியில் அம்மன் படமோ ரோஜாவோ இருக்கும். தோழி அனுப்பும் செய்தி அம்மா கண்ணிலும் படும் என்பது இரு பக்கமும் தெரியும். அதனால் அவர்களுடைய பேச்சு எப்போதும் பாதி மூடியே இருக்கும்: "அதான்டி, அந்த மேட்டர், நாளைக்கு நேர்ல." அனுப்பியதும் அழிக்கப்படும். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற வரியைப் பார்த்து அம்மாக்கள் பதறுவதில் பாதி, ஒன்றுமில்லாத ரெக்கார்டு நோட்டுச் சண்டைகளுக்காக.

## பிள்ளைகள் கூடும் அறைகள்

"எந்நேரமும் போன்ல என்னதான் பண்றே?" என்ற கேள்விக்கு "ஒண்ணுமில்ல" என்பதுதான் எல்லா வீட்டிலும் வரும் பதில். அது பொய்யில்லை. தெருமுனையில் நின்று இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்த நம்மிடம் கேட்டபோதும் நாம் அதையேதான் சொன்னோம். அந்த 'ஒண்ணுமில்ல' இப்போது நடக்கும் இடங்கள் இவை:

1. வகுப்புக் குழுக்கள். ஒன்பதாம் வகுப்பு ஒரு பிரிவுக்கு மூன்று வாட்ஸ்அப் குழுக்களாவது இருக்கும். ஒன்றில் வகுப்பாசிரியர் அட்மின், அதில் வீட்டுப்பாடமும் "ஓகே மேம்"களும் மட்டும். இரண்டாவதில் ஆசிரியர் இல்லை. மூன்றாவது, இரண்டாவதில் இருக்கும் யாரோ ஒருவரை விட்டுவிட்டுத் தொடங்கியது. பிறந்தநாள் சர்ப்ரைஸுக்காகக்கூடத் தொடங்கியிருக்கலாம். பிறந்தநாள் முடிந்தும் அது கலையாமல் ஓடினால்தான் வில்லங்கம். நம் காலத்தில் ஒருத்தியோடு காய் விட்டால் அது அவளுக்குத் தெரியும், பழம் விடவும் வழி தெரியும். சேர்க்கப்படாத பிள்ளைக்குத் தன்னோடு காய் விட்டிருக்கிறார்கள் என்பதே தெரியாது. திங்கட்கிழமை காலை வேனில் எல்லாரும் ஒரே விஷயத்துக்குச் சிரிக்கும்போது தெரியவரும். வீட்டுக்கு வந்து "தலை வலிக்குது, நாளைக்கு லீவு போடட்டுமா?" என்று கேட்கும்.

2. இரண்டாவது கணக்கு. இன்ஸ்டாகிராமில் பலருக்கு இரண்டு கணக்கு. முதல் கணக்கில் அத்தை, மாமா, பள்ளி சீனியர் எல்லாரும் இருப்பார்கள், படம் எண்ணி ஆறு இருக்கும். இரண்டாவதில் இருபது முப்பது பேர்தான், அங்கேதான் புலம்பலும் கிண்டலும். ஒரே கணக்குக்குள்ளும் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' என்று தனிப் பட்டியல் போடலாம், அவர்களுக்கு மட்டும் ஸ்டோரி பச்சை வளையத்தோடு தெரியும். முதல் கணக்கைப் பின்தொடர்ந்துவிட்டு "நான் எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருக்கேன்" என்று சொல்லும் அப்பாக்கள் வரவேற்பறையைப் பார்த்துவிட்டு வீட்டையே பார்த்ததாக நினைக்கிறார்கள்.

3. ஸ்ட்ரீக். ஸ்னாப்சாட்டில் இருவர் 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொண்டே இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் தீச்சுடரும் நாள்கணக்கும் வரும். விட்டுப்போகப் போகிறது என்றால் மணற்கடிகாரம் தோன்றும். ஒரு நாள் தவறினால் கணக்கு பூச்சியம். பிள்ளை அனுப்பும் படம் என்னவென்று எட்டிப் பார்த்தால் மின்விசிறி, மொட்டைச் சுவர், பாதி நெற்றி. பார்க்கிறவருக்குப் பைத்தியக்காரத்தனம். உள்ளே இருப்பவருக்கு "இன்னும் நாம ஃப்ரெண்ட்ஸ்தான்" என்ற தினசரி வருகைப்பதிவு. தேர்வுக் காலத்தில் போன் பறிபோனால், ஸ்ட்ரீக்கைக் காப்பாற்றத் தோழியிடம் பாஸ்வேர்டையே கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. பின்னால் ஒரு சண்டை வரும்போது அந்தப் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்பது பெரிய கேள்வியாகிவிடும்.

4. விளையாட்டுக்குள் குரல் அரட்டை. பிஜிஎம்ஐயில் நால்வர் ஓர் அணி. ஹெட்போனில் "டேய் கவர் குடுறா, ரிவைவ் பண்ணு" என்பதற்கு நடுவே கெமிஸ்ட்ரி டெஸ்ட் பேப்பரும், யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் ஓடும். ஒரு மேட்ச் அரை மணி நேரம் போகும். நடுவில் எழுந்தால் மற்ற மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள். "இப்பவே எந்திரி" என்றதும் பிள்ளை ஏன் அப்படிக் கத்துகிறான் என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. கேரம் ஆட்டத்தில் பாதியில் எழுந்து போகிறவனை நாமும் திட்டியிருக்கிறோம். "இந்த மேட்ச்தான் கடைசி" என்று சொன்னால் நேரம் பெரிதாகக் கூடிவிடாது, கத்தல் பெரும்பாலும் குறையும்.

5. ரீல் அனுப்புவதும் ஸ்டிக்கரும். வார்த்தையே இல்லாமல் நாள் முழுக்க ரீல் மட்டும் பரிமாறுவார்கள். 'சாப்டியா' என்று கேட்பதன் இடத்தில் அது இருக்கிறது.

## பழைய அரட்டைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு

ரகசியம் புதிதல்ல. வார்த்தைக்கு வார்த்தை 'க' சேர்த்து க-பாஷை பேசிய தலைமுறைதான் இன்று பெற்றோர். கூடத்தில் பூட்டுப் போட்ட தொலைபேசி, எஸ்டிடி பூத்தின் ஓடும் மீட்டர், இரண்டு மிஸ்டு கால் வந்தால் 'வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன்' என்று அர்த்தம். அன்றைக்குச் செலவும் தூரமும் வேலியாக இருந்தன. வேலி போய்விட்டது என்பதைவிட முக்கியமான மாற்றம், பேச்சு ஒரு பொருளாகிவிட்டது.

அமெரிக்க ஆய்வாளர் டானா பாய்ட் இதை நான்கு தன்மைகளாகப் பிரித்தார். சொன்னது அழியாமல் நிற்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் தெரிய வாய்ப்பிருக்கிறது. ஒரு தொடலில் பரவுகிறது. தேடினால் கிடைக்கிறது. வகுப்பில் தூங்கிய ஒருவனின் முகத்தை ஐந்து நண்பர்கள் ஸ்டிக்கராக்கிச் சிரிப்பது வெறும் சேட்டை. அதே ஸ்டிக்கர் ஐம்பது பேர் குழுவுக்குப் போய், அங்கிருந்து அடுத்த பிரிவுக்குப் போனால் அது கொடுமை. செய்தவன் ஒரே காரியத்தைத்தான் செய்தான், பரவல்தான் அதை வேறொன்றாக்கியது. இதனால்தான் பள்ளிக்குக் கூப்பிட்டு விசாரிக்கும்போது "நான் சும்மா விளையாட்டுக்குப் போட்டேன் மிஸ்" என்று அவன் அழுவது பெரும்பாலும் நிஜ அழுகை.

இந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது: எண்ணுதல். ஸ்டோரியை யார் பார்த்தார்கள் என்று பட்டியல் வருகிறது. நீல டிக் 2014 நவம்பரில் வாட்ஸ்அப்புக்கு வந்தது. தனி அரட்டையில் அதை அணைத்துவைக்கலாம், குழுவில் அணைக்க முடியாது. குழுவில் போட்ட செய்தியை யார் யார் படித்தார்கள் என்று போட்டவர் பெயர் பெயராகப் பார்க்கலாம். 'பார்த்துட்டும் ரிப்ளை பண்ணல' என்ற குற்றச்சாட்டு இதிலிருந்துதான் பிறக்கிறது. கடிதக் காலத்தில் தபால்காரர் மேல் பழி போட்டுத் தப்பிக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை.

நுணுக்கமும் கூடியிருக்கிறது. குறுஞ்செய்திப் பதிலை முற்றுப்புள்ளியோடு முடித்தால் அதில் மனப்பூர்வம் குறைவாகத் தெரிகிறது என்று அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015இல் காட்டியது. 'ஓகே' வேறு, வெறும் 'கே' வேறு, 'ம்ம்' முற்றிலும் வேறு. மகளுக்கு 'சரி.' என்று புள்ளி வைத்து அனுப்பிவிட்டு, அவள் "எதுக்குக் கோவமா இருக்கீங்க?" என்று கேட்கும்போது விழிப்பது பெற்றோரின் முறை.

நேரில் கூடுவதற்கு இடமிருந்தால் இவ்வளவும் ஏன் என்று கேட்கலாம். அமெரிக்கப் பிள்ளைகளிடம் பல ஆண்டுகள் பேசிய பாய்ட் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்: வெளியே போய்ச் சந்திக்க முடியாததால் அவர்கள் இணையத்தில் சந்திக்கிறார்கள். நம்மூரில் பள்ளி வேன், அங்கிருந்து டியூஷன், எட்டரைக்கு வீடு. பெண்பிள்ளை என்றால் ஆறு மணிக்கு மேல் தோழி வீட்டுக்குப் போவதே பஞ்சாயத்து. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன் சூடாவது அதனால்தான்.

## நமக்குத் தெரிவதும் தெரியாததும்

இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவில் 'டீன் அக்கவுண்ட்' முறையை அறிவித்தது. 18 வயதுக்குக் குறைந்தவரின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் வராது. 16 வயதுக்குக் குறைந்தவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி தேவை. பெற்றோர் கண்காணிப்பை இணைத்துக்கொண்டால், கடந்த ஏழு நாட்களில் பிள்ளை யாருக்கெல்லாம் செய்தி அனுப்பியது என்று தெரியும். என்ன எழுதியது என்பது தெரியாது. இது சரியான அளவு என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் இவை பெரும்பாலும் பிறந்த ஆண்டை நம்பி நிற்கின்றன. பத்து வயதில் கணக்குத் திறக்கும்போது 2001 என்று போட்ட பிள்ளை, இன்ஸ்டாகிராமின் பார்வையில் வளர்ந்த ஆள். அந்த ஆண்டை அருகில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்தது பல வீடுகளில் நாமேதான். கணக்கு அமைப்புகளுக்குள் போய்ப் பிறந்த தேதியைச் சரிபார்ப்பது எந்தக் கண்காணிப்புச் செயலியையும்விட முதலில் செய்ய வேண்டிய வேலை.

வாட்ஸ்அப் 2016 ஏப்ரல் முதல் முழு மறையாக்கத்தில் இருக்கிறது. அனுப்பியவரும் பெற்றவரும் தவிர நிறுவனமே படிக்க முடியாது. அங்கே மேற்பார்வை என்று ஒன்று இருந்தால் அது பிள்ளையின் போனை வாங்கிப் படிப்பதுதான். படித்தால் நம் பிள்ளையின் பேச்சோடு, வேறு பத்து வீட்டுப் பிள்ளைகள் நம்பிச் சொன்னதையும் படிக்கிறோம். ஒரு முறை பிடிபட்டால் கூட்டம் டெலிகிராமுக்கோ டிஸ்கார்டுக்கோ போய்விடும், அடுத்த முறை நமக்கு வாசல்கூடத் தெரியாது. பத்து மணிக்கு மேல் எல்லாருடைய போனும், அப்பாவுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும் என்ற ஏற்பாடு இதைவிட அதிகம் தாங்கும்.

## இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாதவர். அவருடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அவரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம். அதாவது 2027 மே வாக்கில். இது தடைச் சட்டமல்ல, ஒப்புதல் சட்டம். கையெழுத்து நம்முடையது.

## அறைக்குள் மிரட்டல் வந்தால்

பெற்றோர் உண்மையிலேயே பயப்பட வேண்டியது ஒரு குறிப்பிட்ட வகை மோசடிக்கு. அது நடக்கும் வரிசை பெரும்பாலும் இதுதான். இன்ஸ்டாகிராமில் தெரிந்த நாலு பேரைப் பின்தொடரும் ஒரு கணக்கிலிருந்து அழைப்பு. இரண்டு நாள் பேச்சு. "வாட்ஸ்அப்புக்கு வா." வீடியோ கால் அல்லது ஒரு படம். அடுத்த நிமிடம் மிரட்டல், பணம் போட ஒரு யூபிஐ எண். கடைத்தெருவில் பிடித்துத் திண்ணைக்குக் கூட்டிப்போகும் வேலை. பையன்களும் இதில் சிக்குகிறார்கள். "மானம் போயிடும்" என்ற சொல் இரு பாலருக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறது.

பிள்ளை ஏன் வீட்டில் சொல்வதில்லை? சொன்னால் போன் போய்விடும், அதோடு நண்பர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். "ஏதாவது தப்பு பண்ணினா போனைப் பிடுங்கிடுவேன்" என்ற நம் வழக்கமான வசனம் மிரட்டுகிறவனுக்குக் காசில்லாத உதவி. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் போன் பறிபோகாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

நடந்துவிட்டால்:

1. பணம் அனுப்ப வேண்டாம். ஒரு முறை அனுப்பினால் மறுபடி கேட்பார்கள்.
2. அரட்டையை அழிக்க வேண்டாம். மிரட்டல் செய்திகள், கணக்கின் பெயர், எண், யூபிஐ விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும். பிறகு பிளாக் செய்யலாம்.
3. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழைக்கவும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். குழந்தைகள் உதவி எண் 1098.
4. படத்தை வேறு யாரும் மேலே அனுப்பக் கூடாது, "பாரு, இப்படிப் பண்ணிட்டாங்க" என்று உறவினருக்குக் காட்டுவதற்காகக்கூட. 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. வகுப்புக் குழுவில் ஃபார்வர்டு செய்த பிள்ளையும் இதற்குள் வருவான்.
5. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை அமெரிக்கக் குழந்தைகள் பாதுகாப்பு மையம் ஒன்று 2023 பிப்ரவரியில் தொடங்கியது. படம் நம் கருவியை விட்டுப் போகாது, அதிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணடையாளம் மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

இந்தச் சேவை மறையாக்கம் செய்த செயலிகளுக்குள் செல்லுபடியாகாது. வாட்ஸ்அப் குழுவுக்குள் படம் போய்விட்டால், அதை நிறுவனத்தின் கண்ணுக்குக் கொண்டுவர ஒரே வழி குழுவில் இருக்கும் யாராவது 'ரிப்போர்ட்' என்பதைத் தொடுவது. தொட்டால் கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸ்அப்புக்குப் போகும். ஐம்பது பேரில் அதைத் தொடப்போகும் ஒருத்தி யார் வீட்டுப் பிள்ளை என்பது எந்த நாட்டுச் சட்டத்திலும் எழுதியில்லை.